விண்டோஸ் 11-க்கு மாறியாச்சு, ஆர் என்ன ஆச்சு?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னும் பின்னுமாக எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் லேப்டாப்பை 11-க்கு மாற்றிக்கொண்டார்கள், மாற்றிய மறுநாளே, புள்ளியியல் கணக்குப் போட நாங்கள் பயன்படுத்தும் ஆர் என்ற மென்பொருளைப் பற்றி எனக்கு போனும் வர ஆரம்பித்தது. "ஆர் திறக்குது, ஆனா ஒரு பேக்கேஜும் இல்லைங்குது." "நேத்து வரைக்கும் ஓடின கோடு இன்னைக்கு ஓடலை." ஆய்வேட்டைக் கொடுக்க மூன்று வாரம் இருக்கும்போதுதான் இதெல்லாம் நடக்கும் என்பது தனி விதி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன்.

மெனுப் பெயர், கட்டளை எல்லாவற்றையும் போனில் சொல்வது போலவே காதில் விழுகிறபடி தமிழ் எழுத்தில் தருகிறேன். திரையில் அவை ஆங்கிலத்தில்தான் இருக்கும், நீங்கள் தட்டுவதும் ஆங்கிலத்தில்தான். பெரிய எழுத்து என்று நான் தனியாகச் சொல்லாத இடமெல்லாம் சின்ன எழுத்து. ஆர் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார், ஒரு எழுத்து மாறினாலும் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று கையை விரித்துவிடும்.

எது எங்கே இருக்கிறது

ஆர் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் மூன்று தனித்தனிச் சமாச்சாரம். கணக்குப் போடுகிற ஆர் ஒன்று. அதை உட்காரவைத்து வேலை வாங்குகிற ஜன்னல், ஆர்ஸ்டுடியோ, இன்னொன்று. அதைச் செய்பவர்கள் வேறு ஆட்கள், 2022-இல் நிறுவனத்தின் பெயரை போசிட் என்று மாற்றிக்கொண்டார்கள், மென்பொருளின் பெயர் மட்டும் பழையபடி. மூன்றாவது, நாம் வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சேர்த்த பேக்கேஜ்கள், அதாவது ஆருக்குக் கூடுதல் வேலைகளைச் சொல்லிக்கொடுக்கும் துணைத் தொகுப்புகள். முதல் இரண்டும் சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருக்கும். பேக்கேஜ்கள் அங்கே இருக்காது, பிரச்சினையே அதில்தான் ஆரம்பிக்கிறது.

ஆர் 4.2 வந்த 2022-இலிருந்து, விண்டோஸில் பேக்கேஜ்கள் போய் உட்காரும் இடம் இது: உங்கள் யூசர் கோப்புறை, அதற்குள் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், அதற்குள் ஆர், அதற்குள் வின்-லைப்ரரி, அதற்குள் 4.3 அல்லது 4.4 என்று பதிப்பு எண்ணையே பெயராகக் கொண்ட ஒரு கோப்புறை. ஆப்டேட்டா மறைந்திருக்கும் கோப்புறை. கடையில் கொடுத்து ஃபார்மட் பண்ணும்போது "டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப், போட்டோ எல்லாம் எடுத்து வச்சுட்டோம் சார்" என்று அவர்கள் சொல்வது நிஜம்தான், ஆனால் அந்த 'எல்லாம்' என்பதில் இது சேராது. 4.1 வரைக்கும் டாக்குமெண்ட்ஸுக்குள்ளேயே இருந்தது, அதனால் பழைய ஆட்கள் அங்கே தேடிவிட்டுக் காணோம் என்பார்கள்.

அந்தக் கடைசிக் கோப்புறையின் பெயரைக் கவனியுங்கள். 4.4.1-இலிருந்து 4.4.2-க்குப் போனால் இரண்டுக்கும் 4.4 என்ற அதே கோப்புறைதான், ஒன்றும் ஆகாது. 4.3-இலிருந்து 4.4-க்குப் போனால் புது ஆர் 4.4 என்ற காலிக் கோப்புறையைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லை என்கிறது. விண்டோஸை அப்படியே மேலேற்றியவர்களுக்கு, அதாவது ஃபைல்களை வைத்துக்கொண்டே 10-இலிருந்து 11-க்கு வந்தவர்களுக்கு, பழைய பேக்கேஜ்கள் பக்கத்துக் கோப்புறையில் பத்திரமாகவே இருக்கும். விண்டோஸ் மாறியதால் இது நடக்கவில்லை. விண்டோஸ் மாறிய குஷியில் "புதுசா ஆரும் போட்டுடலாம்" என்று நாம் செய்ததால் நடந்தது. உங்களிடம் ஆர் எந்தப் பதிப்பு என்று தெரியாவிட்டால் அதைத் திறந்ததும் முதல் வரியிலேயே எண் இருக்கும், ஏப்ரல் வாக்கில் வருஷத்துக்கு ஒன்று என்று புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் ஏறும்: 2023-இல் 4.3, 2024-இல் 4.4, 2025-இல் 4.5.

சரி, பழைய கோப்புறையிலிருந்து புதியதற்கு அப்படியே காப்பி அடித்தால்? நானும் ஒரு ராத்திரி அதைத்தான் செய்தேன். பென்டிரைவில் இரண்டாயிரம் சின்னச் சின்ன ஃபைல் நகர்ந்து முடியவே ஒரு மணி நேரம், நகர்ந்ததும் சில பேக்கேஜ் திறந்தது, சில எச்சரிக்கையோடு திறந்தது, சில திறந்தும் பாதி வழியில் ஆரையே மூடிவிட்டது. மூன்றாவது வகைதான் ஆபத்து. பல பேக்கேஜ்களுக்குள் ஆரின் அந்தந்தப் பதிப்புக்கென்று தயாரித்த பைனரி ஃபைல்கள், அதாவது கணினி நேரடியாக ஓட்டும்படி முன்பே தொகுத்த ஃபைல்கள், இருக்கின்றன, பதிப்பு மாறினால் அவை பொருந்தும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. காப்பி அடிக்காதீர்கள். பேக்கேஜின் பெயர் மட்டும் போதும், மீதியை இணையத்திலிருந்து பத்து நிமிடத்தில் இறக்கிவிடலாம்.

முதலில் பட்டியல்

பழைய ஆர் இன்னும் திறக்கிற நிலையில் இருந்தால் வேறு எதையும் தொடுவதற்கு முன் இந்த இரண்டு வரியைத் தட்டுங்கள்:

ஏ = ரோநேம்ஸ்(இன்ஸ்டால்ட்.பேக்கேஜஸ்())
ரைட்லைன்ஸ்(ஏ, "லிஸ்ட்.டிஎக்ஸ்டி")

இரண்டாவது வரியில் லைன்ஸின் முதல் எழுத்து பெரியது. ஃபைல் எங்கே போய் உட்கார்ந்தது என்று தெரியாவிட்டால் கெட்டபிள்யூடி, அதாவது கெட்டோடு டபிள்யூ, டி இரண்டு எழுத்தையும் ஒட்டித் தட்டி வெற்று அடைப்புக்குறி போட்டால் இடத்தைச் சொல்லும். அந்த ஃபைலை உங்களுக்கே மெயில் போட்டுக்கொள்ளுங்கள், சில கேபிதான் இருக்கும்.

ஏற்கெனவே அழித்துவிட்டீர்களா, அதுவும் பரவாயில்லை. பழைய ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைகளை எழுதி வைத்த ஃபைலை, ஆர்ஸ்டுடியோவில் திறந்தால், அதில் லைப்ரரி என்று கூப்பிட்டிருக்கும் பேக்கேஜ்கள் இல்லாதபோது மேலே மஞ்சளாக ஒரு பட்டை வந்து, இன்னின்னது வேண்டும், நிறுவட்டுமா என்று கேட்கும். ஸ்கிரிப்டுகள் நிறைய இருந்தால் ஆர்என்வ் என்ற பேக்கேஜை மட்டும் முதலில் போட்டு அதன் டிபெண்டன்சீஸ் கட்டளையை ஓட்டினால் கோப்புறை முழுக்கத் துழாவி எந்தெந்த பேக்கேஜ் பயன்பட்டிருக்கிறது என்று பட்டியல் கொடுத்துவிடும். ஒன்று சொல்கிறேன், இப்படிப் பார்க்கும்போதுதான் இருநூறு பேக்கேஜ் வைத்திருந்தவர்களுக்குத் தங்கள் கையால் கூப்பிடுவது வெறும் பதினைந்து என்று தெரியவரும்.

இன்னொன்றும் இந்த நேரத்தில் யோசித்துவிடுங்கள்: புதிய பதிப்பு நிஜமாகவே வேண்டுமா? ஆய்வேடு முக்கால்வாசி முடிந்திருக்கிறது, அட்டவணைகள் எல்லாம் 4.3-இல் எடுத்தவை என்றால் என் அபிப்பிராயம், வாயை மூடிக்கொண்டு அதே 4.3-ஐ நிறுவிக்கொள்ளுங்கள். ஆரையும் பேக்கேஜ்களையும் இறக்கும் தளமான க்ரானில், விண்டோஸ் பக்கத்துக்குள் ப்ரீவியஸ் ரிலீசஸ் என்று ஓர் இணைப்பு இருக்கும், பழைய பதிப்புகளை எல்லாம் அங்கே வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஒரே கணினியில் இரண்டு மூன்று ஆர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம், சண்டை வராது. ஆர்ஸ்டுடியோவில் டூல்ஸ், குளோபல் ஆப்ஷன்ஸ், ஜெனரல் என்று போனால் எந்த ஆரோடு வேலை செய்யவேண்டும் என்று மாற்றிக்கொள்ள இடம் இருக்கிறது.

நிறுவும் வேலை

விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி வின்வெர் என்று தட்டினால் விண்டோஸ் பதிப்பு தெரியும். செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் போய் சிஸ்டம் டைப் என்ன என்று பாருங்கள். அறுபத்துநான்கு பிட் என்று இருக்கவேண்டும், விண்டோஸ் 11 என்றால் அப்படித்தான் இருக்கும். ஆர் 4.2-இலிருந்து முப்பத்திரண்டு பிட்டைக் கைவிட்டுவிட்டார்கள்.

புது லேப்டாப் சிலவற்றில் விண்டோஸ் எஸ் மோடில் வரும். அதில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்கு வெளியிலிருந்து எதையும் நிறுவ விடாது, ஆரும் அதில் அடக்கம். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்திலிருந்து அதைவிட்டு வெளியே வரலாம், காசு கிடையாது, ஆனால் ஒருவழிப் பாதை, திரும்பிப் போக முடியாது.

ஆரை முதலில் போடுங்கள், ஆர்ஸ்டுடியோவைப் பிறகு. ஆர் இல்லாமல் ஆர்ஸ்டுடியோ திறந்தால் எஞ்சின் எங்கே என்று உங்களிடமே கேட்கும். க்ரான் தளத்தில் விண்டோஸ், பேஸ் என்று போனால் நூறு எம்பிக்கும் குறைவான ஒரே ஃபைல். நிறுவும்போது கேட்கிற கேள்விக்கெல்லாம் நெக்ஸ்ட் போதும். மொழி கேட்டால் ஆங்கிலமே வையுங்கள், பிழைச் செய்தியை அப்படியே தேடுபொறியில் போட்டுத் தேடத் தோதாக இருக்கும். கல்லூரி லேப் கணினி, அட்மின் பாஸ்வேர்டு தரமாட்டார்கள் என்றால் உங்கள் கணக்குக்குள் மட்டும் ஆரை நிறுவிக்கொள்ளலாம், ஆர்ஸ்டுடியோவுக்கும் ஜிப் வடிவம் இருக்கிறது, விரித்து வைத்து ஓட்டலாம்.

ஆர்ஸ்டுடியோ திறந்ததும் செய்யவேண்டிய முதல் காரியம் குளோபல் ஆப்ஷன்ஸுக்குள் ஜெனரலில் இருக்கிறது: தொடங்கும்போது பழைய ஆர்டேட்டாவை, அதாவது போன தடவை நினைவில் இருந்த டேட்டாவை, மீட்கும் டிக்கை எடுத்துவிடுங்கள், மூடும்போது சேமிக்கட்டுமா என்பதற்கு நெவர் வையுங்கள். இல்லாவிட்டால் போன வருஷத்து டேட்டா அப்படியே வந்து உட்கார்ந்துகொள்ளும், கோடு ஓடுவது புது டேட்டாவிலா பழைய பேயிலா என்று தெரியாது.

இப்போது பட்டியல். அந்த ஃபைலை வேலை செய்யும் கோப்புறையில் போட்டுவிட்டு:

ஏ = ரீட்லைன்ஸ்("லிஸ்ட்.டிஎக்ஸ்டி")
பி = செட்டிஃப்(ஏ, ரோநேம்ஸ்(இன்ஸ்டால்ட்.பேக்கேஜஸ்()))
இன்ஸ்டால்.பேக்கேஜஸ்(பி)

இங்கேயும் ரீட்லைன்ஸில் லைன்ஸின் முதல் எழுத்து பெரியது. நடுவரியில் வருவது செட், டிஃப் இரண்டையும் ஒட்டி எழுதும் கட்டளை, டிஃப்பில் இரண்டு எஃப். அது எதற்கென்றால், ஆரோடு கூடவே வந்துவிடுகிற பேக்கேஜ்களைப் பட்டியலிலிருந்து கழித்துவிட. வேறு எதையும் லைப்ரரி போட்டுத் திறப்பதற்கு முன்னால், புதிதாகத் திறந்த ஆரில் இதைச் செய்யுங்கள். ஆர்லாங் மாதிரி நாலு பேக்கேஜுக்கு அடித்தளமாக இருக்கும் ஒன்று பழைய எண்ணில் ஏற்கெனவே திறந்திருந்தால், புதியது வேண்டும் ஆனால் பழையது ஓடிக்கொண்டிருக்கிறது என்று பாதியில் முரண்டு பிடிக்கும். அப்படி வந்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்10 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், ஆர் புதிதாகத் தொடங்கும், மறுபடி நிறுவுங்கள்.

நடுவில் இரண்டு செய்தி வந்து பயமுறுத்தும். ஒன்று ஆர்டூல்ஸ், அதாவது பேக்கேஜைத் தொகுக்கும் கருவிகள், இல்லை என்ற எச்சரிக்கை. பெரும்பாலானவர்களுக்கு ஆர்டூல்ஸ் தேவையே இல்லை, பைனரியாக இறங்கும் பேக்கேஜுக்கு அது எதற்கு? இரண்டாவது, சில பேக்கேஜின் புதிய வடிவம் சோர்ஸாக, அதாவது இன்னும் தொகுக்காத மூலக் கோடாக, மட்டும் இருக்கிறது, அதைத் தொகுத்து நிறுவட்டுமா என்ற கேள்வி. நோ சொல்லுங்கள், ஒருபடி பழைய பைனரி இறங்கும், அதுவே போதும். கிட்ஹப்பிலிருந்து ஏதாவது இறக்கவேண்டியவர்கள், ஸ்டான் மாதிரி மாடலைத் தொகுத்து ஓட்டுகிறவர்கள் மட்டும் ஆர்டூல்ஸைப் போடுங்கள், அதுவும் ஆரின் எண்ணுக்குப் பொருந்தியதாக: 4.3-க்கு ஆர்டூல்ஸ் 43, 4.4-க்கு 44, 4.5-க்கு 45. பழைய வழிகாட்டிகளில் பாத் மாற்றச் சொல்லி ஒரு பக்கம் எழுதியிருப்பார்கள், 42-இலிருந்து அந்த வேலை இல்லை, சும்மா நிறுவினால் ஆர் தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

உயிரியல் பக்கம் பயோகண்டக்டர் என்ற பேக்கேஜ் தொகுப்பை வைத்திருப்பவர்கள் அந்த பேக்கேஜ்களை பயோக்மேனேஜர் என்ற பேக்கேஜ் வழியாகத்தான் போடவேண்டும். ஆர் பதிப்பு எதுவோ அதற்கு ஏற்ற பயோகண்டக்டர் பதிப்பு மட்டுமே இறங்கும். இன்ஸ்டால்.பேக்கேஜஸ் அவற்றைத் தெரியாது என்று சொல்லிவிட்டு மற்றதை நிறுவிக்கொண்டு போகும், பதற்றம் வேண்டாம்.

ஒன்டிரைவும் இன்னொரு காவல்காரரும்

விண்டோஸ் 11-ஐ அமைக்கும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கேட்டு, ஓகே ஓகே என்று நாம் அழுத்திக்கொண்டே போக, டாக்குமெண்ட்ஸ் கோப்புறை ஓசைப்படாமல் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவுக்குள் போய்விடும். ஆருக்கு இது பெரிய விஷயம். அலைக்குறி போட்டால் ஆர் விண்டோஸில் எடுத்துக்கொள்ளும் வீடு டாக்குமெண்ட்ஸ்தான், ஆக வீடே இடம் மாறிவிட்டது. ஆர் தொடங்கும்போது படிக்கும் அமைப்பு ஃபைல்களான பழைய ஆர்ப்ரொஃபைல், ஆர்என்விரான் சில பேருக்கு அங்கே வராமல் போகும், சில பேருக்கு வரக்கூடாதது வந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஐந்து வருஷம் முன்னால் ஆர்என்விரானில் எழுதி வைத்த பேக்கேஜ் பாதை ஒன்டிரைவ் வழியாகப் புது லேப்டாப்புக்கும் வந்து, புது ஆர் பழைய பேக்கேஜ்களையே திறந்துகொண்டிருந்தது. சந்தேகம் வந்தால் புள்ளியில் தொடங்கும் லிப்பாத்ஸ் கட்டளையைப் போடுங்கள், பாத்ஸின் முதல் எழுத்து பெரியது, வெற்று அடைப்புக்குறி. முதல் வரியில் ஆப்டேட்டாவும் சரியான பதிப்பு எண்ணும் தெரியவேண்டும். ஒன்டிரைவ் என்ற சொல் தெரிந்தால் ஏதோ ஒரு பழைய ஃபைல் இழுத்துக்கொண்டிருக்கிறது, தேடி எடுங்கள்.

பேக்கேஜோ, ஓடிக்கொண்டிருக்கும் புராஜெக்டோ ஒன்டிரைவுக்குள் இருந்தால் ஆர் எழுதும் நேரத்தில் ஒன்டிரைவும் அதே ஃபைலைப் பிடித்துக்கொள்ளும், தற்காலிகக் கோப்புறையை நகர்த்த முடியவில்லை என்ற செய்தி வரும். வைரஸ் தடுப்பு மென்பொருள் சோதித்துக்கொண்டிருந்தாலும் இதே செய்திதான். பெரும்பாலும் இன்னொரு முறை ஓட்டினால் சரியாகிவிடும். ஆகாவிட்டால் வின்-லைப்ரரிக்குள் 00லாக் என்று தொடங்கும் கோப்புறை ஒன்று மிச்சம் இருக்கும், ஆரை மூடிவிட்டு அதை அழித்துவிட்டு மறுபடி நிறுவுங்கள். புராஜெக்டுகளுக்கு நான் சி டிரைவிலேயே தனியாக ஒரு கோப்புறை வைத்திருக்கிறேன், ராத்திரி அதன் பிரதியை மட்டும் ஒன்டிரைவுக்கு அனுப்புகிறேன்.

இன்னொரு வில்லங்கம்: மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்தால் யூசர் கோப்புறைக்கு உங்கள் மெயில் முகவரியின் முதல் ஐந்து எழுத்தையே பெயராக வைத்துவிடும். பழைய ஸ்கிரிப்டின் முதல் வரியில், வேலை செய்யும் கோப்புறையைச் சொல்லும் செட்டபிள்யூடி கட்டளை போட்டு முழுப் பாதையும் எழுதி வைத்திருந்தால் அத்தனையும் இப்போது செல்லாது. ஒவ்வொன்றாகத் திருத்துவதைவிட, அந்த வரியையே அடித்துவிட்டு கோப்புறையை ஆர்ஸ்டுடியோ புராஜெக்டாக மாற்றிவிடுங்கள், அடுத்த தடவை கணினி மாறினாலும் ஸ்கிரிப்டில் கை வைக்கவேண்டி வராது. விண்டோஸ் கணக்கின் பெயரைத் தமிழ் எழுத்தில் வைக்க ஆசை இருந்தால், கோப்புறைப் பெயர் மட்டுமாவது ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். சில பேக்கேஜ்கள் இன்னும் அதில் தடுக்கி விழுகின்றன.

தலைப்பில் சொன்ன அந்த இன்னொரு காவல்காரர், நம்பகமில்லாத மென்பொருளைத் தடுக்கும் விண்டோஸின் ஸ்மார்ட் ஆப் கண்ட்ரோல். சுத்தமாகப் புதிதாக நிறுவிய விண்டோஸ் 11-இல் இவர் வேலைக்கு வருவார். பேக்கேஜ் நிறுவும்போது ஒன்றும் சொல்லமாட்டார், லைப்ரரி என்று கூப்பிடும்போது ஷேர்ட் ஆப்ஜெக்டைத் திறக்க முடியவில்லை, அப்ளிகேஷன் கண்ட்ரோல் பாலிசி தடுத்துவிட்டது என்று வரும். பேக்கேஜ்களுக்குள் இருக்கும் டிஎல்எல் ஃபைல்களுக்கு டிஜிட்டல் கையொப்பம் கிடையாது, அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. பேக்கேஜை எத்தனை தடவை அழித்துப் போட்டாலும் தீராது, இதில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இழந்தவன் சொல்கிறேன். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல் என்ற பக்கத்தில் அதன் நிலை தெரியும். ஆஃப் செய்வதற்கு முன் அங்கே எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள், பல பதிப்புகளில் ஒருமுறை அணைத்தால் விண்டோஸை மறுபடி நிறுவாமல் ஆன் செய்ய முடியாது. அலுவலகக் கணினி என்றால் நீங்களே அணைக்காதீர்கள், சிஸ்டம் அட்மினிடம் போங்கள்.

வேலை செய்கிறதா?

ஆரோடு வரும் டேட்டாவிலேயே பார்த்துவிடலாம்:

சம்மரி(எல்எம்(டிஸ்ட் ~ ஸ்பீட், டேட்டா = கார்ஸ்))

இன்டர்செப்ட் மைனஸ் 17.579, ஸ்பீடுக்கு 3.932, மல்டிபிள் ஆர்-ஸ்கொயர்ட் 0.6511. அனோவா ஆட்களுக்கு ப்ளாண்ட்க்ரோத் இருக்கிறது, பியும் ஜியும் பெரிய எழுத்து: வெயிட்டை க்ரூப் மீது வைத்து ஏஓவி போட்டால் எஃப் மதிப்பு 4.846, பி மதிப்பு 0.0159. இந்த எண்கள் வந்துவிட்டால் ஆர் மேல் பழி இல்லை, இனி தப்பு நம் டேட்டாவிலோ கோடிலோதான்.

தமிழ் டேட்டா வைத்திருப்பவர்களுக்கு

புதிய ஆருக்கு மாறத் தயங்குகிறவர்களிடம் நான் முதலில் எடுத்துச் சொல்வது இதைத்தான். பழைய ஆரில் ஊர்ப்பெயர்ப் பத்தி ஒன்றைத் தமிழில் வைத்து டேட்டா ஃபிரேமை, அதாவது அட்டவணையை, அச்சிட்டால் ஒவ்வொரு எழுத்துக்கும் கோண அடைப்புக்குள் ஒரு யு, ஒரு கூட்டல் குறி, நாலு எழுத்துக் குறியீடு என்று வரும், மதுரை எது மன்னார்குடி எது என்று தெரியாது. ஆர் 4.2-இலிருந்து விண்டோஸிலும், எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் யூடிஎஃப்-8 குறியாக்கம் இயல்பானது, விண்டோஸ் 10-இன் 1903 பதிப்போ அதற்குப் பிந்தியதோ இருந்தால் போதும், 11-இல் கேட்கவே வேண்டாம். எல்10என்_இன்ஃபோ கட்டளையை வெற்று அடைப்புக்குறியோடு போட்டு, அதில் யூடிஎஃப்-8 ட்ரூ என்று வந்தால் சரி.

எக்செலிலிருந்து சேமிக்கும்போது வெறும் சிஎஸ்வி வேண்டாம், அதில் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்று தனியாக ஒன்று பட்டியலில் இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். ஆர் அதைப் படிக்கும்போது முதல் பத்தியின் தலைப்புக்கு முன்னால் அர்த்தமில்லாத எழுத்து ஒட்டிக்கொண்டு வந்தால், ரீட்.சிஎஸ்வியில் ஃபைல்என்கோடிங் என்பதற்கு யூடிஎஃப்-8-பாம் என்று கொடுங்கள், பாம் என்பது பி, ஓ, எம் மூன்றும் பெரிய எழுத்து, யூடிஎஃப்பும் அப்படியே, ஃபைல்என்கோடிங்கில் நடுவிலுள்ள ஈ மட்டும் பெரியது.

வரைபடத்தில் தமிழ் வருவது இன்னொரு படி. கொம்பு தனியாக எழுத்து தனியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ரேக் என்ற பேக்கேஜை நிறுவிவிட்டு குளோபல் ஆப்ஷன்ஸ், ஜெனரல், கிராஃபிக்ஸில் பேக்கெண்டை ஏஜிஜி என்று மாற்றுங்கள், எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் வேலையை அது ஹார்ஃப்பஸ் நூலகத்திடம் கொடுக்கிறது, கொ, ஞௌ எல்லாம் ஒழுங்காக வரும். எழுத்துரு நிர்மலா யுஐ போதும், விண்டோஸிலேயே இருக்கிறது.

பழைய கோடு வேறு விடை சொன்னால்

ஓடாத கோடைவிட, ஓடி வேறு விடை சொல்கிற கோடுதான் வயிற்றைக் கலக்கும். 3.5-இலிருந்து ஒரே தாவலில் வருகிறவர்களுக்கு இது நடக்கும், மூத்த பேராசிரியர்களின் கணினியில் அந்தப் பதிப்பு இன்னும் இருக்கிறது. குலுக்கல் தொடங்கும் எண்ணைச் சொல்லும் செட்.சீடில் அதே எண்தான், ஆனால் சாம்பிள் கட்டளை வேறு ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறது என்றால் காரணம் 2019-இல் வந்த 3.6. சாம்பிள் எண்ணைப் பொறுக்கும் முறையையே அதில் மாற்றினார்கள். பழைய விடை அச்சு அசலாக வேண்டுமானால் ஆர்என்ஜிவெர்ஷன் கட்டளைக்குள் மேற்கோள் குறியில் 3.5.0 என்று கொடுத்துவிட்டு அப்புறம் சீடை வையுங்கள். கட்டளையில் ஆர்என்ஜி மூன்றும் பெரிய எழுத்து.

2020-இன் 4.0-இல் அடுத்தது: டேட்டாவைப் படிக்கும்போது எழுத்துப் பத்திகளைத் தானாக ஃபாக்டராக, அதாவது வகைகளின் பத்தியாக, மாற்றும் பழைய பழக்கத்தை விட்டுவிட்டது. லெவல்ஸ் கேட்டால் நல் என்று வருவது இதனால்தான். ரகம், உரம், சிகிச்சை மாதிரிப் பத்திகளை ஃபாக்டர் கட்டளையால் நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள், எந்த ரகம் அடிப்படை என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். 4.2-இலிருந்து இஃப் நிபந்தனையில் ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்பு வந்தால் பிழை, முன்பு எச்சரித்துவிட்டு முதல் மதிப்பை மட்டும் பார்த்துக்கொண்டு போய்விடும். உங்கள் கோடில் இந்தப் பிழை வந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள், இத்தனை நாளும் அது தப்பாக ஓடியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

நிலவரைபட வேலை செய்கிறவர்களுக்கு ஆர்ஜிடால், ஆர்ஜியோஸ், மேப்டூல்ஸ் என்ற மூன்று பேக்கேஜும் இறங்காது. 2023 அக்டோபரில் க்ரானிலிருந்து எடுத்துவிட்டார்கள். எஸ்எஃப், டெர்ரா இரண்டுக்கும் மாறத்தான் வேண்டும், பழைய ஜிப்பைத் தேடி அலைவதில் காலம் போகும்.

மேக், உபுண்டு பற்றி இரண்டு வரி. மேக்கை மேலேற்றியதும் சோர்ஸ் பேக்கேஜ் எதுவும் நிறுவ முடியாமல் எக்ஸ்கிரன் பிழை வந்தால் டெர்மினலில் எக்ஸ்கோட்-செலக்ட், ஒரு இடைவெளி, இரண்டு ஹைபன், இன்ஸ்டால் என்று தட்டுங்கள், டெவலப்பர் கருவிகள் திரும்ப வந்துவிடும். எம் வரிசைச் சிப்புக்கும் இன்டெல்லுக்கும் ஆர் தனித்தனி ஃபைல், இன்டெல் ஃபைல் எம் சிப்பிலும் ஓடும், மெதுவாக. உபுண்டு 22.04-இல் கூடவே வருவது ஆர் 4.1.2, 24.04-இல் 4.3.3, ஆகவே அங்கேயும் அதே காலிக் கோப்புறைக் கதை. மேலேற்றும்போது க்ரான் ரெப்போவையும், அதாவது க்ரானிலிருந்து ஆரை இறக்கும் முகவரியையும், முடக்கிவிட்டிருக்கும், சோர்ஸஸ் பட்டியலில் போய் புதிய உபுண்டுவின் பெயரோடு மறுபடி ஆன் செய்யவேண்டும், முதலில் அதைச் செய்துவிட்டு அப்புறம் பேக்கேஜைத் தொடுங்கள்.

எல்லாம் ஓடியதும் செஷன்இன்ஃபோ என்று தட்டி, நடுவிலுள்ள ஐ மட்டும் பெரிய எழுத்து, பின்னால் வெற்று அடைப்புக்குறி, வருவதை அப்படியே ஒரு ஃபைலில் ஒட்டி புராஜெக்ட் கோப்புறைக்குள் போட்டு வையுங்கள். ஆர் பதிப்பு, பேக்கேஜ் எண்கள் எல்லாம் அதில் இருக்கும், ஆய்வேட்டின் முறையியல் அத்தியாயத்தில் எப்படியும் எழுதவேண்டியதுதான், அடுத்த முறை எனக்கு போன் செய்யும்போதும் நான் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.